நாளைக்கு சார்

"அண்ணே, இங்க இருக்கிற பிள்ளைங்களை இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எனக்குக் கொடுங்க! சாயங்காலம் பத்திரமா திருப்பி விட்டுடறேன்!"

கட்டட வேலை நடக்கும் இடத்துக்குள் மூச்சிரைக்க ஓடி வந்து நின்ற டீச்சரை, மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏணி கேட்பாங்க, கடப்பாரை கேட்பாங்க. பிள்ளைங்களை இரவல் கேட்டு ஒருத்தர் வந்து இப்பத்தான் பார்க்கிறேன்."

"சிரிக்காதீங்கண்ணே! ஆபீசர் வர்றார். எங்க ஸ்கூல்ல எத்தனை தலைன்னு எண்ணப் போறார். தலை போதும்னா இன்னொரு டீச்சர் வருவாங்க. இல்லேன்னா காலத்துக்கும் நான் ஒருத்திதான்!"

டீச்சரின் அவசரத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பள்ளியில் அஞ்சு வகுப்பு, ஒரே ஹால். ஒன்றாம் வகுப்பு இந்தச் சுவரைப் பார்த்து உட்காரும். இரண்டாம் வகுப்பு எதிர்ச் சுவரைப் பார்த்து. மூன்றாம் வகுப்புக்கு ஜன்னல். மீதி இரண்டும் வராந்தாவில். நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பாடம் நடத்துவதால் பிள்ளைகள் வைத்த பெயர், பம்பரம் டீச்சர்.

மேஸ்திரி மனசு இளகினார். மணல் குவியலில் சறுக்கிக்கொண்டிருந்த பட்டாளம் குழாயடியில் முகம் கழுவி, தலை வாரி, வரிசையாகக் கிளம்பியது. போகிற வழியிலேயே ஒத்திகை.

"தினமும் வர்றீங்களான்னு சார் கேட்டா என்ன சொல்லணும்?"

"தினமும் வர்றோம் டீச்சர்!"

ஆபீசர் வந்தார். எண்ணினார். தலை போதும். மிச்சம்கூட இருந்தது! டீச்சருக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது.

போகிற மனுஷர் சும்மா போகக்கூடாதா? இடுப்பில் தம்பிப் பாப்பாவோடு நின்ற வாண்டு ஒன்றிடம் குனிந்தார்.

"ஸ்கூலுக்கு தினமும் வர்றியாம்மா?"

"ஆமா சார், தினமும் வர்றேன். அப்படித்தான் சொல்லணும்னு வழியில டீச்சர் சொன்னாங்க."

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு எண்ணினது செல்லாது டீச்சர். நாளைக்கு வர்றேன். இதே முகங்கள் இருக்கணும்."

ஜீப் தெரு முனை திரும்பியதும் டீச்சர் பொரிந்து தள்ளினார். "கல்நெஞ்சக்காரர்! நான் ஒருத்தி இங்கே நாயா அலையறது கண்ணுக்குத் தெரியலையா?"

திட்டினால் ஆச்சா? மறுபடி மேஸ்திரியிடம் ஓட்டம். "இன்னும் ஒரே ஒரு நாள் அண்ணே!"

மறுநாள் பள்ளி நிரம்பி வழிந்தது. ஆபீசருக்குப் பதில் அவருடைய போன் வந்தது.

"மீட்டிங் இருக்கு டீச்சர். நாளைக்கு வர்றேன். ஒரு பிள்ளை குறையக்கூடாது."

அதற்கு மறுநாள், "ஜீப் மக்கர் பண்ணுது. நாளைக்கு."

அடுத்து, "சரியான தலைவலி. நாளைக்குக் கண்டிப்பா."

"எனக்கு வராத தலைவலியா?" என்று போனை வைத்துவிட்டுக் கத்தினார் டீச்சர். ஆபீசருக்கு 'நாளைக்கு சார்' என்று பெயரும் வைத்தார்.

ஆனால் 'நாளைக்கு' என்றால் நாளைக்குப் பிள்ளைகள் வேண்டுமே! செங்கல் தூக்கும் அம்மா ஒருத்தி மகளைப் பிடித்துக்கொண்டு வழிமறித்தாள். "இவ தினமும் வந்துட்டா கைக்குழந்தையை யார் பார்க்கிறது?"

"அவனையும் அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன்!"

பாப்பா மூலையில் தூங்க, ஒன்றாம் வகுப்பு ரகசியக் குரலில் பாட்டுப் பாடியது.

ஒரு நாள் டீச்சருக்கு அலுத்துவிட்டது. வருகிறவர் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று மேஸ்திரியிடம் போகாமல் நேரே பள்ளிக்கு நடந்தார்.

கேட்டுக்கு வெளியே மொத்தப் பட்டாளமும் நின்றது!

"டீச்சர் லேட்டு! டீச்சர் லேட்டு!"

பின்னாலேயே மேஸ்திரி வந்தார்.

"என்ன டீச்சரம்மா பண்ணி வச்சிருக்கீங்க? விடிஞ்சதும் விடியாததுமா இங்க ஓடி வந்துடுதுங்க. ஒண்ணும் சொல் பேச்சு கேட்கமாட்டேங்குது. சிமென்ட் மூட்டையில இருக்கிற எழுத்தையெல்லாம் கூட்டிக் கூட்டிப் படிச்சு என் உயிரை வாங்குதுங்க!"

"திரும்பக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா அண்ணே?"

"அட, யார் கேட்டா? நீங்களே வச்சுக்குங்க!" திட்டுகிற குரலில்தான் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

டீச்சருக்கு ஏனோ கண் நிறைந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியோடு ஓர் இளம்பெண் இறங்கினாள்.

"வணக்கம் டீச்சர்! நான் இந்த ஸ்கூலுக்கு வந்திருக்கிற புது டீச்சர்."

"புது டீச்சரா!" பம்பரம் ஒரு கணம் நின்றேவிட்டது. "எப்படிம்மா? ஆபீசர் இன்னும் எண்ணவே இல்லையே! நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு தினமும்..."

"இங்க வந்து எண்ணின அன்னைக்கே என்னைப் போட்டுட்டார் டீச்சர். வீட்டைக் காலி பண்ணிட்டு வர எனக்குத்தான் இத்தனை நாளாச்சு."

"அப்புறம் எதுக்கு என்னை இந்த ஓட்டம் ஓட விட்டார்?"

புது டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சொல்லக்கூடாதுன்னு சொன்னாரே!"

"பரவாயில்லே, சொல்லும்மா."

"'நான் கையெழுத்துப் போட்டுட்டேன்னு தெரிஞ்சா, அந்த டீச்சர் அன்னைக்குச் சாயங்காலமே பிள்ளைங்களைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க'ன்னு சொன்னார், டீச்சர்."