யேசபேல் வேஷம்

யேசபேல் வேஷத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது என்ற செய்தி, பாடகர் குழுவுக்குள் பாட்டைவிட வேகமாகப் பரவியது.

"யாருண்ணே?"

"நம்ம கமிட்டிச் செயலாளர் சம்சாரம். ஆனிமேரி."

ஜெபமணி வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "வேஷம் என்னத்துக்குண்ணே? வீட்டுல இருக்கிற மாதிரியே மேடை ஏறினாப் போதுமே!"

"மெல்லப் பேசு மாப்ள. கதையை எடுத்ததே அந்தம்மாதானாம்" என்றார் தங்கையா. "எம்புட்டு தைரியம் பாரு!"

தைரியம்தான். ஆரப்பாளையம் பக்கத்து அந்தக் கிறிஸ்தவ சபையில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு வருடா வருடம் நாடகம் உண்டு. ஆனால் கெட்டவள் வேஷத்துக்கு எந்தப் பெண்ணும் சம்மதிப்பதில்லை. போன வருடம் சிம்சோனை ஏமாற்றிய தெலீலாளுக்காகக் கம்பவுண்டர் ஒருவர் மீசையைத் தியாகம் செய்தார்.

இந்த வருடம் ஆகாப் ராஜா கதை. கடவுளை மறந்த ராஜா. அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத் என்ற குடியானவனின் திராட்சைத் தோட்டம் இருந்தது. ராஜா அதற்கு ஆசைப்பட்டான். நாபோத் தர மாட்டேன் என்றான். ராணி யேசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளைப் பிடித்தாள். நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். தோட்டம் ராஜாவுக்கு வந்தது.

ராஜா வேஷம் செயலாளர் கிருபாகரனுக்கு. தாவீதோ ஏரோதோ, எப்போதும் அவர்தான் ராஜா. கிரீடமே அவர் தலை அளவுக்குச் செய்ததுதான்.

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததற்குக் காரணம் இருந்தது.

சபைக் கோயில் சுவருக்குப் பின்னால் ராமக்காளின் கீரைப் பாத்தி. புருஷன் காலத்திலிருந்து பாடுபட்ட நிலம். அந்தக் கீரையை விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். பாத்திக்கு அடுத்தது செயலாளர் வீடு. அவர் பழைய அம்பாசிடர் ஒன்று வாங்கியிருந்தார். அதற்கு ஷெட் வேண்டுமாம். 'அது கோயில் நிலம்' என்று தாசில்தாருக்கு எழுதிப் போட்டுவிட்டார். கோயில் நிலமானால் செயலாளர் நிலம்தானே!

பண்டிகைக்கு மறுநாள் விசாரணை. இரண்டு பேர் வந்து 'ஆமாம்' என்று சொன்னால் போதும், ராமக்காள் வெளியே.

அந்த இரண்டு பேர் யார் என்பது மட்டும் வெளியே வரவில்லை.

"புருஷன் அப்பாவிண்ணே. பின்னால நின்னு ஆட்டி வைக்கிறது அந்தம்மாதான்" என்றான் ஜெபமணி.

"அதைச் சொல்லணுமா? மகாராணிக்கு நடந்து போனா கால் தேஞ்சிரும்ல!"

"பாவம் ராமக்காள்."

"கர்த்தர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு மாப்ள."

இருவரும் சேர்ந்து உச்சுக் கொட்டினார்கள்.

ஞாயிறு சாயங்காலம் பந்தல் நிறைந்துவிட்டது. ராமக்காள் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்துக்கு வருடம் தவறாமல் கீரைக்கட்டு கொண்டுவருவாள். அன்றும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மேடையில் நாபோத் நெஞ்சை நிமிர்த்தினான். "இது என் அப்பன் பாட்டன் நிலம். தர மாட்டேன், ராஜாவே!"

"அப்படிச் சொல்லுய்யா!" என்றாள் ராமக்காள். பந்தலே குலுங்கியது.

ராஜா கோபித்துக்கொண்டு கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பாடும் வேண்டாமாம். ராணி ஆனிமேரி தட்டோடு வந்தாள்.

"எந்திரிங்க, சாப்பிடுங்க. தோட்டந்தானே? நான் வாங்கித் தாரேன்."

"பாத்தீங்களாண்ணே? வீட்டுலயும் இதே வசனந்தான்" என்று தங்கையாவின் காதைக் கடித்தான் ஜெபமணி.

ராணி மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நாபோத்துக்கு எதிரா பொய்ச்சாட்சி சொல்ல ரெண்டு பேர் வேணும். எங்கே என் ஆளுங்க?"

யாரும் வரவில்லை. சாட்சி வேஷம் கட்டிய இருவரும் திரைக்குப் பக்கத்தில் சாவகாசமாக வடை தின்றுகொண்டு நின்றார்கள். நகரக் கூடாது என்பது ராணியின் உத்தரவு.

"வசனம் மறந்துட்டாங்கடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

ராணி கூட்டத்தைக் கண்ணால் துழாவினாள்.

"தங்கையா அண்ணே! தம்பி ஜெபமணி! ஏன் அங்கேயே உக்காந்துட்டீங்க? மேடைக்கு வாங்க. கமிட்டியில இடம் கொடுத்தா சாட்சி சொல்றோம்னு, எங்க வீட்டுக் காபியைக் குடிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டீங்கள்ல? நாளைக்கு ராமக்காளுக்கு எதிரா சொல்லப் போறதை, இன்னிக்கு இங்க ஒருதரம் சொல்லிப் பாத்துக்கிடுங்க!"

பந்தலில் இருந்த தலைகளெல்லாம் அந்த இருவர் பக்கம் திரும்பின. ராஜா கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். கிரீடம் உருண்டது.

"ஆனி! இது நாடகத்துல இல்லையே!"

"நாடகத்துல இல்லைங்க, நம்ம வீட்டுல இருக்கு. ஷெட்டு கேட்டது நீங்களா, நானா? அதையும் மைக்குல சொல்லிருங்க. ஊரு எனக்கு வச்ச பேரைத்தான் இன்னிக்கு வேஷமாக் கட்டிக்கிட்டு நிக்கேன்."

கிருபாகரன் கூட்டத்தைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். தலை தானாகக் குனிந்தது.

"நான்தான்" என்றார்.

முதலில் சிரித்தவள் ராமக்காள். அப்புறம் பந்தல் முழுக்கச் சிரித்தது. "ராணி கூப்பிடுறாங்க, போங்கய்யா!" என்று நாலு பக்கமிருந்தும் குரல்.

தங்கையா அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். செருப்பை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடிய ஜெபமணி, திரும்பிப் பார்க்காமலே கத்தினான்:

"நான் வரலை அக்கா! இன்னிக்கும் வரலை, நாளைக்கும் வரலை!"