குளத்தங்கரைத் துணி

பழைய துணிக் குவியலுக்குள் தாமரைச்செல்வி முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். காரைக்கால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஊரே பார்க்க. கைலாசநாதன் நாலு கடை தள்ளி, சின்னவன் கதிரவனைத் தோளில் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய புருஷனோ போல நின்றான்.

அவள் எதையோ உருவி எடுத்தாள். சிவப்பாக ஏதோ தெரிந்தது. அவன் கழுத்தை நீட்டுவதற்குள் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டாள்.

“என்ன வாங்குன?”

“சாயந்தரம் புள்ள பொறந்தநாள்ல பாருங்க.”

“எவனோ போட்டத எம்புள்ளைக்குப் போடாத செல்வி. இப்பவே சொல்லிப்புட்டேன்.”

“நீங்க பையத் தூக்கிட்டு வாங்க, அது போதும்.”

நெல் மூட்டை தூக்கிப் பழகிய தோளுக்கு அந்தப் பை ஒரு கனமே இல்லை. ஆனாலும் சுரக்குடி வீட்டுக்கு வந்து சேரும்வரை மனசில் கனத்தது. பக்கத்திலேயே திருநள்ளாறு இருப்பதுதான் காரணம். சனி தோஷம் கழிய எங்கெங்கிருந்தோ வருகிற சனம் நளன் குளத்தில் முங்கிவிட்டு, உடுத்தியிருந்த துணியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அதெல்லாம் துவைத்து மடித்துச் சந்தைக்கு வந்துவிடுகிறது என்று அவனுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் என்ன, அவனைப் பொறுத்தவரை முடிவான செய்தி.

சாயங்காலம் வீடு ஜோராக இருந்தது. பழைய காலண்டர் தாளை வெட்டி ஒட்டிய தோரணம். குக்கரில் வேகவைத்த கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. குழியில் கலர் மிட்டாயைக் கொட்டி மூடியிருந்தாள். கரண்டு போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தி ஒன்றுதான் கையிருப்பு. மூத்தவள் ஓவியாவுக்கோ இன்றைக்கு ஐந்து வயது.

“அஞ்சு தடவ ஏத்துறேன். அஞ்சு தடவ ஊதிக்க” என்றாள் தாமரைச்செல்வி.

ஒரே ஊதலில் முடிந்துபோகிற மற்ற பிறந்தநாள்களை நினைத்து ஓவியாவுக்குப் பரிதாபமாக இருந்தது.

புதுக் கவுனில் அவள் வெளியே வந்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு. முன்பக்கம் கழுத்திலிருந்து இறங்குகிற பொத்தான் வரிசை, அடியில் சிவப்பாக ஒரு பிரில். நெஞ்சில் இருந்த பைக்குள் கையை விட்டு விட்டு எடுத்தாள்.

“அப்பா, என் கவுன்ல பாக்கெட்டெல்லாம் இருக்கு.”

கைலாசநாதன் பார்த்தான். பார்த்த துணி. எங்கே பார்த்தோம் என்று யோசித்தான். பிடிபட்டதும் ஓரடி முன்னே வந்தான்.

“கழட்டு” என்றான்.

தெருப் பிள்ளைகள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓவியா பீரோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். “மாட்டேன். கழட்டுனா கேக் வெட்ட மாட்டேன்.”

“அப்ப கேக் கெடையாதா?” என்று கதிரவன் கேட்டான். பதில் வருவதற்கு முன்பே அழத் தொடங்கினான்.

கைலாசநாதன் மனைவியைச் சமையற்கட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

“அது சந்தையில எடுத்ததுதான?”

“அடியில இருக்கே செவப்பு, அது மட்டுந்தான் சந்தையில எடுத்தேன். கவுன் நானே தச்சது.”

“துணி?”

அவள் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

“இந்தக் கோட்ட எங்கண்ணால பாத்திருக்கேன் செல்வி. நளன் கொளத்துலதான் பாத்தேன், சத்தியம் பண்ணுவேன். எவனோ சனியக் கழட்டிப் போட்டுட்டுப் போன துணியில எம்புள்ள நிக்கிது.”

“மெதுவாப் பேசுங்க. வெளிய புள்ளைங்க இருக்கு.”

“போன வருஷம் நான் பட்ட பாடு மறந்துபோச்சா? லாரிலேந்து விழுந்து, இடுப்பு புடிச்சு, வேல வெட்டி இல்லாம கெடந்தேன். அப்பறம் கொளத்துல முங்கி, மொறையாத் துணிய வுட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம வந்தேன்.”

“தெரியும். பின்னாடி நாந்தான வந்தேன்.”

“அதுக்கப்பறந்தான் இடுப்பு நேராச்சு. மூட்ட தூக்குனவன் மேஸ்திரி ஆனேன்.”

“அப்ப சனி வுட்டுருச்சுங்கிறீங்க.”

“சுத்தமா வுட்டுருச்சு.”

“இந்த ஒரு வருஷத்துல வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல?”

“பாக்கல. அதத்தான சொல்றேன்.”

“அப்பறம் என்ன? அந்தத் துணி ஒரு வருஷமா நம்ம பீரோலதான் கெடந்துச்சு.”

கைலாசநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டான். இடுப்பில் எங்கேயோ சுருக்கென்றது. வெளியே பிள்ளைகள் கேக் கேட்டுத் தட்டைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஓவியா ஒரு தடவை ஊதி முடித்துவிட்டு, மெழுகுவர்த்தியை இரண்டாவது முறை ஏற்றச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பாவி வுட்டுட்டுப் போனதுடி அது?”

தாமரைச்செல்வி கேக் வெட்டுகிற கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசல் பக்கம் நடந்தாள்.

“நீங்கதாங்க.”