சிவப்பு நாட்டின் நாற்காலி

இடுப்பு காலையிலிருந்தே கழன்று விழுகிற மாதிரி வலித்தது. பேராசிரியை மேஜை விளிம்பைப் பிடித்தபடி வகுப்பைத் தொடங்கினார்.

அவருடைய அப்பா மூட்டை தூக்கியவர். சுமக்கும்போது முதுகு வலிக்காது, இறக்கி வைத்த பிறகுதான் வலிக்கும் என்பார்.

நாடுகள் சண்டைக்குப் போகிறபோது ஆள்பவன் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பாடம். மேஜைமேல் வரைபடம். அதில் இரண்டே நாடுகள், சிவப்பும் நீலமும். வருஷா வருஷம் ஒரு மாணவரை சிவப்பு நாட்டின் நாற்காலியில் உட்கார வைப்பார். நீலத்தின் எல்லையில் ஏதோ நகர்கிறது என்று சீட்டு வரும். டீ ஆறுவதற்குள் முடிவு சொல்ல வேண்டும். அடிப்பதா, பொறுப்பதா.

அவசரத்தில் எந்த மனுஷனும் அடிக்கத்தான் செய்வான். பேராசிரியையின் பெயரை நாலு தேசத்துக்குக் கொண்டுபோன புத்தகம் அதைத்தான் சொன்னது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரும் அதற்குச் சாட்சி.

ஒருவனைத் தவிர.

ரொம்ப வருஷத்துக்கு முன் படித்தவன். ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார்கள். கல்லுடைக்கிற வீட்டுப் பிள்ளை. சீட்டைப் படித்துவிட்டு, அந்தப் பக்கம் ஃபோன் போட்டு என்னவென்று கேட்கலாமா என்றான்.

எதிரி என்ன உன் மாமனாரா, ஃபோன் போட்டு நலம் விசாரிக்க என்று ஒருத்தன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆட்டத்தில் ஃபோனே கிடையாது.

டீ ஆறி ஆடை கட்டியது. அவன் அடிக்கவில்லை.

அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில் அவன் சோற்றில் கல் மாதிரி. ‘யதார்த்தம் இல்லை’ என்று எழுதி ஃபெயிலாக்கினார்.

மறுவருஷம் அதே நாற்காலி, அதே சீட்டு. பிரித்த கையோடு அடித்தான்.

முழு மார்க். முதுகில் தட்டியும் கொடுத்தார்.

இப்போது மூன்று வருஷமாக மேஜை ஓரத்தில் ஒரு கறுப்பு ஃபோன் இருக்கிறது. அவரே வாங்கி வைத்தது. ஒயர் எங்கேயும் போகவில்லை. எதற்கு என்று அவர் சொன்னதில்லை. யாரும் தொட்டதுமில்லை.

இன்றைக்கு நாற்காலியில் ஓர் ஒல்லிப் பெண். சீட்டைப் படித்தாள். பின்வரிசைப் பையன்கள் அடி, அடி என்று பெஞ்சில் தாளம் போட்டார்கள். அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

தாளம் நின்றது.

நீல நாட்டுக்காகப் பேராசிரியைதான் பதில் பேச வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் நிஜமான எல்லையில் ஏதோ நகர்ந்தது. நிஜமான நாற்காலியில் ஊமைக்கோட்டான் இருந்தான். அடிக்கச் சொல்லி உத்தரவு உடனே போனது.

நகர்ந்தது படை இல்லை. வெள்ளத்துக்குத் தப்பி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஜனம்.

அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று விசாரணையில் கேட்டார்கள். அவன் சொன்ன பதில் எல்லா டி.வி.யிலும் வந்தது.

“படிக்கிறப்ப ஒருவாட்டி கேட்டேன் சார். ஃபெயிலாக்கிட்டாங்க.”

யார் என்று அவன் சொல்லவில்லை.

ஒல்லிப் பெண் ரிசீவரை இன்னும் கீழே வைக்கவில்லை.

“மேடம், அந்தப் பக்கம் யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க. நான் வெயிட் பண்றேன்.”

பேராசிரியை மெதுவாக உட்கார்ந்தார். இடுப்பில் சுரீர் என்றது.

இவளுக்கு முழு மார்க் போட்டுவிடலாம். அது சுலபம்.

அவனுக்கு அந்த முதல் தேர்வில் போட்டிருக்க வேண்டிய மார்க் இன்னும் பாக்கி.