மஞ்சள் சட்டை

"ஆம்பளைங்க முதுகைத் திருட்டுத்தனமா படம் புடிச்சியா, இல்லையா?"

"புடிச்சேன்," என்றாள் டெகன்.

டாரில் இதை எதிர்பார்க்கவில்லை. மழுப்புவாள், அழுவாள் என்று நினைத்திருந்தார். கடற்கரை உயிர்காப்பு கிளப்புக்கே தலைவர் அவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு பொண்ணு அவர் முன்னால் இப்படி நிமிர்ந்து நிற்கிறதாவது!

ஞாயிறு காலை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. அலைப் பயிற்சிக்கு வந்த பொடிசுகளில் ஒன்று வெறுந்தலையோடு ஓடியது.

"ஏய், தொப்பி எங்கே? தொப்பி இல்லேன்னா தண்ணியும் இல்ல. போய் நிழல்ல உக்காரு." டாரில் விரட்டினார்.

அவர் உடம்பில் ஒரு அரைக்கால் சட்டை, அவ்வளவுதான். வருஷம் பூரா அப்படித்தான். தலைவரை யார் விரட்டுவது?

மறுபடி டெகன் பக்கம் திரும்பினார். "உன்னைப் பத்தி ரெண்டு பேர் புகார் குடுத்துட்டாங்க. அசிங்கமா இல்ல? படத்தையெல்லாம் அழி."

"மாட்டேன்."

"அப்போ கிளப்பு சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு."

அந்த மஞ்சள் சட்டைக்காக அவள் குளிர்காலம் முழுக்கக் கடலில் நீந்தினாள். அது அவருக்கும் தெரியும். அவள் சட்டையைக் கழற்றவில்லை. போனை நீட்டினாள்.

"முதல்ல பாருங்க. அப்புறம் துரத்துங்க."

எல்லாப் படத்திலும் ஒரே முதுகு. வெந்து சிவந்து, தோல் சுருங்கிய கிழட்டு முதுகு. இடது தோளுக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம். படத்துக்குப் படம் பெருசாகி, ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. கடைசிப் படத்தில் அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். 'தோல் புற்றுநோயாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.'

"என்னது இது?"

"மச்சத்தைப் படம் எடுத்துக் குடுத்தா கம்ப்யூட்டரே பாத்து சொல்ற ஆப்."

டாரிலின் குரல் இறங்கியது. "அந்த ஆளுகிட்ட நேர்ல சொல்ல வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவை பேச்செடுத்தேன். என்ன ஏதுன்னு கேக்கல. துரத்திட்டார்."

"மடையன். இந்த வெயில்ல சட்டை இல்லாம திரியுறான் பாரு. யாரு அவன்? கூப்பிடு, நான் பேசுறேன்."

டெகன் மஞ்சள் சட்டையைக் கழற்றினாள். உள்ளே நீச்சலுடை. சட்டையை அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே போட்டுக்கங்க. அது உங்க முதுகு."