ஹருவுக்குத் தூக்கம் வருகிறது

"இன்னும் கொஞ்சம் புல்லு போடு. கண்ணு சொருகுற வரைக்கும் போடு," என்றாள் ஷியோரி.

"ரெண்டு குதிரை சாப்பாடு உள்ள போயிடுச்சு கேப்டன்," என்றான் கனாத்தா. "இது ஏமாத்து வேலை இல்லையா?"

"உபசாரம்டா. காலையில கடற்கரையில ஆசை தீர ஓட விட்டோம். இப்ப வயிறார சாப்பாடு போடுறோம். இதுல யாரை ஏமாத்தினோம்?"

கல்லூரிக் குதிரையேற்றக் கழகத்தின் ஒரே உருப்படியான குதிரை ஹருகசுமி. பெயருக்கு வசந்தகாலப் பனிமூட்டம் என்று பொருள். பாய்ச்சலில் அந்த மென்மை எல்லாம் கிடையாது. பழகும் மைதானத்தில் தடை தாண்டும்போது அது தட்டிவிட்ட கட்டை என்று ஒன்று இன்றுவரை இல்லை. இதுவரை எந்தப் போட்டிக்கும் போகாததால் அந்த விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. முதல் போட்டி இந்த இலையுதிர் காலத்தில். சேணத்தின் மேல் கனாத்தா. அதுதான் அவனுக்குக் கடைசிப் போட்டியும். அடுத்த வசந்தத்தில் படிப்பு முடிந்து அவனும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஏதாவது ஓர் அலுவலகத்தில் குனிந்து வணங்கிக்கொண்டிருப்பான்.

இந்த நேரம் பார்த்து, தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று முன்னாள் மாணவர் சங்கம் கைவிரித்துவிட்டது. யாருக்குப் பிடிக்கிறதோ அவருக்கு ஹருவை இரண்டு வருடம் வாடகைக்கு விட வேண்டியது. நிபந்தனைகளைக் கழகமே முடிவு செய்துகொள்ளலாம். ஷியோரி முடிவு செய்த முதல் நிபந்தனை, வருகிறவருக்குக் குதிரை பிடிக்கக் கூடாது என்பது.

வந்தவர் நுகாகா. ஏதோ ஒரு கம்பெனியில் பிரிவுத் தலைவர். காலணி புதிது, முகம் மட்டும் பழையது. வாசலிலேயே குனிந்து வணங்கி, "பெருசா ஒண்ணுமில்ல," என்று பயறு இனிப்புப் பெட்டியை நீட்டினார்.

"எங்க குதிரையும் பெருசா ஒண்ணுமில்ல சார்," என்றாள் ஷியோரி. மரியாதைக்குச் சொல்வது போலவும் இருந்தது, உண்மை போலவும் இருந்தது.

நுகாகா ஏறி உட்கார்ந்தார். கடலிலிருந்து பனிமூட்டம் வந்து தடைக்கட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. தாமதமாகப் பூத்த செர்ரி மரம் யோசித்து யோசித்து இதழ்களை உதிர்த்தது. அந்த வெண்மைக்குள் ஹரு நடந்தது. ஓடவில்லை, மிதந்தது. குளம்புச் சத்தம் வேறு எங்கிருந்தோ கேட்டது. ஒரு கணம் காணாமல் போய், அடுத்த கணம் யாரோ நினைத்துக்கொண்டது போல் திரும்பத் தோன்றியது. முதல் கட்டைக்கு வந்ததும் நின்றது. மோந்து பார்த்தது. அதன் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அழகாக இருந்தது. தடைதாண்டும் குதிரை செய்யக் கூடாததும் அதுதான்.

"கட்டை முன்னாடி இப்படித்தான் நின்னுடுமா?" பனிக்குள்ளிருந்து நுகாகாவின் குரல் வந்தது.

"நின்னுடும் சார்," என்றான் கனாத்தா.

"நான் கடிவாளத்தை இழுக்கல. பார்த்தீங்கல்ல?"

"பார்த்தோம் சார். உங்க மேல தப்பே இல்ல. இவன் தானா நிக்கிறவன்."

"பார்க்கிறவங்களுக்கும் அது தெரியுமா?"

"பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

நுகாகா நீளமாக மூச்சு விட்டார். ஷியோரி சந்தோஷத்தில் கனாத்தாவின் விலாவில் இடித்தாள்.

"போட்டி நாள்ல கூட்டம், கைதட்டல் எல்லாம் இருக்கும். அப்ப மாறிடுவானா?"

"மாறவே மாட்டான் சார். இவன் அப்பா, தாத்தா எல்லாருமே தூக்கப் பரம்பரை."

"ஆனா உருவம்? தூரத்துலேர்ந்து பார்த்தா ஜெயிக்கிற குதிரை மாதிரி இருக்கானே?"

"இருக்கிறது அது ஒண்ணுதான் சார். தோற்றத்துல ராஜா, தொழில்ல பூஜ்யம்."

நுகாகா மெதுவாக இறங்கினார். ஹருவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். திரும்பியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ரெண்டு வருஷம் போதாது. மூணு வருஷமா குடுங்களேன்?"

கனாத்தா ஓடி வந்து கடிவாளத்தைப் பிடித்தான். "சார், தாண்டவே மாட்டான்னு சொன்னோமே!"

"அதுக்குத்தான் தம்பி, ஊர் ஊரா அலைஞ்சேன்," என்றார் நுகாகா. "எங்க கம்பெனித் தலைவருக்கு அறுபது வயசுல குதிரை மோகம் பிடிச்சிருக்கு. போட்டிக்குப் போனா எங்களையும் கூட இறக்கி விடுறார். போன மாசம் என் கெட்ட நேரம், நான் அவரை ஜெயிச்சுத் தொலைச்சுட்டேன். அன்னையிலேர்ந்து என் மேசையை ஜன்னலோரம் தள்ளிட்டாங்க. வேலையே தர்றதில்ல. சும்மா கடலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். நானா தோத்தா கண்டுபிடிச்சுடுவார். குதிரை தோத்தா யார் என்ன சொல்ல முடியும்?"

கனாத்தா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். ஷியோரி அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க சார். ஒரே ஒரு நிபந்தனைதான். பிடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடணும். ஏன், எதுக்குன்னு நாங்க கேட்க மாட்டோம். உங்க அடுத்த போட்டி என்னைக்கு?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

ஷியோரி இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். குனிந்த வாக்கிலேயே கனாத்தாவிடம் கிசுகிசுத்தாள்: "திங்கட்கிழமைக்குப் புல்லு சொல்லி வை."