பதினான்கு எஞ்சின்கள்

"மேஜர் தங்கமான மனுஷன். அவருக்கு வாய்ச்ச மெக்கானிக்தான் சரியில்ல."

தேர்தல் கூட்டத்துக்கு வந்த ஆல்வின் டெஸ்கேயின் காதில், வாசலில் பீர் வாங்க நின்ற யாரோ சொன்னது விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பதினான்கு வருஷமாகக் கேட்கிற பேச்சுதான்.

தோற்றுப்போன உலகப் போரின் கடைசி மாதத்தில் மேஜர் லோசேயின் படைப்பிரிவில் பதினான்கு போர் விமானங்கள் எஞ்சின் பழுதாகித் தரையிலேயே கிடந்தன. பழுது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் தலைமை மெக்கானிக் டெஸ்கே. அதனால் இந்த ஊரில் அவர் பட்டறைக்கு டிராக்டர் வரும்; காரை யாரும் நம்பி விடமாட்டார்கள்.

இன்று மேஜர் மாநிலச் சட்டமன்ற வேட்பாளர். வானில் அவர் வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையைச் சொல்லிக் கூட்டத் தலைவர் அறிமுகம் செய்தபோது, தானே பறந்த மாதிரி டெஸ்கேக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார். முன்வரிசை முழுக்கப் பழைய சிப்பாய்கள். அவர்கள் ஓட்டு இல்லாமல் மேஜர் ஜெயிக்க முடியாது.

ஒரு பெண் எழுந்தாள். அந்தக் கடைசி மாதத்தில் நம் ரயில் நிலையத்தில் குண்டு விழுந்தபோது உங்கள் விமானங்கள் ஏன் கிளம்பவில்லை என்று கேட்டாள்.

கசாப்புக் கடை ஓல்ட்மான்ஸ் முந்திக்கொண்டார்.

"அவரை ஏம்மா கேக்கறே? அதோ, சுவத்துக்கு முட்டுக் கொடுத்து நிக்கிறாரே, அவரைக் கேளு. மேஜர்கிட்ட விமானம் ஓட்டப் போன என் பையன் ஒரு பதக்கம்கூட வாங்காம வீடு வந்து சேர்ந்தது ஐயாவோட கைராசிதான்."

கூடமே சிரித்தது. மேஜரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். அப்படியே விட்டுவிடுங்கள் என்று டெஸ்கே தூரத்திலிருந்தே ஜாடை காட்டினார்.

மேஜர் அவரையே பார்த்தார்.

"டெஸ்கே கைபட்ட எஞ்சின் ஒருநாளும் நின்னதில்ல. அந்தப் பதினாலும் நல்லாத்தான் இருந்துச்சு. பழுதுன்னு எழுதச் சொன்னது நான்."

சிரிப்பு நின்றது.

"பறந்தே ஆகணும்னு பெர்லின் உத்தரவு. டாங்க்ல பாதி பெட்ரோல், எதிரே ஆயிரம் விமானம். ஓட்டறதுக்கு பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பசங்க. விஷயம் தெரிஞ்சிருந்தா எங்க ரெண்டு பேரையும் சுட்டிருப்பாங்க. ரயிலடியில செத்தவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான், அவரில்ல. என் பேர் கெடக்கூடாதுன்னு அவர் வாயைத் திறக்கல. நானும் திறக்காம இருந்துட்டேன்."

முன்வரிசையில் நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. பழைய சிப்பாய்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். துரோகி என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்.

டெஸ்கே சுவரை விட்டு விலகி, பட்டாளத்தில் நின்ற மாதிரி விறைப்பாக நின்றார்.

ஓல்ட்மான்ஸ் வெளியே போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டெஸ்கேயின் கையைப் பிடித்தார். அவரை அழைத்துப்போய் மகன் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.