சிந்துஜாவின் குளியல்

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் காரிலிருந்து இறங்கியபோது, மாப்பிள்ளையின் குளியலறையில் சிந்துஜா இருந்தாள். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது.

“அவள வெளிய எடுக்காத. சத்தம் போடாம கதவச் சாத்து,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் அம்மா மாலதி. இளவரசு சாத்தினான். தாழ்ப்பாள் உட்பக்கம்தான் இருந்தது.

சிந்துஜா மூன்றரை அடி நீளமுள்ள பால் பைத்தான். மலைப்பாம்பு ஜாதிதான், விஷம் கிடையாது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்த இங்கிலீஷ் பெயர். முறைப்படி பதிவு செய்து, மஞ்சக்குப்பத்து வீட்டில் மூன்று வருடமாக வளர்க்கிறான் இளவரசு. சட்டை உரிக்கும் நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நீந்த விடுவான். நீல நிற டப்பில் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அவள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தால் அவனுக்குச் சாப்பாடே வேண்டாம்.

எல்லோருக்கும் அப்படி இருக்குமா? இதற்கு முன் வந்த இரண்டு பெண் வீட்டாரும் சிந்துஜாவைப் பார்த்த வேகத்தில் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். அதில் ஒரு ஜோடியை மாலதி இன்னும் கொல்லைக்குப் போட்டுக்கொண்டு போகிறாள்.

இந்த இடம் மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது. இளவரசுக்கு வயது முப்பத்துநாலு. அதைவிட முக்கியம், சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போன அன்றே அனுப்பிரியாவை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காபியை நீட்டியவள், சர்க்கரை போட மறந்துவிட்டேன், அப்படியே குடித்துவிடுங்கள் என்று ரகசியமாகச் சொல்லிச் சிரித்திருந்தாள். பாம்பு விஷயத்தைத் தாலி கட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மாலதி மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

தரகர் சொன்ன நேரம் பகல் பன்னிரண்டு. பதினொன்றுக்குள் சிந்துஜாவை நண்பன் சார்லஸ் வீட்டில் விட்டுவிடுவதாக ஏற்பாடு. ஆனால் பெண்ணின் அப்பா ராஜாமணி, புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறக்கிறதே என்று மனைவியோடும் தம்பி குடும்பத்தோடும் பத்து மணிக்கே வந்து இறங்கிவிட்டார்.

நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர் வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்தார். மாலதி கொண்டுவந்து வைத்த ஜாதக நோட்டை மட்டும் திறக்கவே இல்லை. ஜாதகமெல்லாம் எதற்கு, மனசு பொருந்தினால் போதாதா என்று அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு பெரிய மனசு என்று மாலதி பூரித்துப்போனாள். ஆனால் பேச்சு முடிவாகும்வரை கை நனைப்பதில்லை, அதனால் சாப்பாடு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போது குளியலறையில் தண்ணீர் தளும்பியது.

“யாரு குளிக்கிறது?” என்று கேட்டார் ராஜாமணி.

“யாருமில்ல,” என்றான் இளவரசு. “எந்தங்கச்சி,” என்றாள் மாலதி. இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன.

ராஜாமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமாகாத பிள்ளை இருக்கிற வீடு, உள்ளே யாரோ குளிக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுகிறது. பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன நினைப்பார்? கால் அலம்ப வேண்டும் என்று எழுந்தார். மாலதி குழாய் ரிப்பேர் என்றாள், மோட்டார் ஓடவில்லை என்றாள், கடைசியில் வழியை மறித்தே நின்றாள். அவர் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. அலறல் வரவில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மயங்கி விழுந்த சத்தமும் வரவில்லை. மாலதி வேண்டாத தெய்வம் பாக்கி இல்லை.

ராஜாமணி வெளியே வந்தார்.

“தம்பி, அது எங்கிருந்தாவது வழிதவறி வந்துச்சா, இல்ல இந்த வீட்டுதா?”

வழிதவறி வந்தது என்று சொல்லிவிடும்படி மாலதி கண்ணாலேயே கெஞ்சினாள். இளவரசுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. சத்தியம் போனால் போகட்டும்.

“எங்க வீட்டுதான் சார். மூணு வருஷமா எங்கூடத்தான் இருக்கு. அனுப்பிரியாவ எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா இத மட்டும் என்னால எங்கயும் கொண்டுபோய் விட முடியாது.”

ராஜாமணி மனைவியைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் குளியலறைக்குள் போய்விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டே திரும்பி வந்தாள். அவள் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் காணோம். இளவரசு ஓடிப் போய்ப் பார்த்தால், சிந்துஜா மல்லிகைப் பூக்களுக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தாள்.

“எல போடுங்க சம்மந்தி,” என்றார் ராஜாமணி. “கை நனைச்சிட்டே போறோம்.”

மாலதிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பளம் பொரிக்கப் போனவள் எண்ணெய் ஊற்றாத சட்டியில் அப்பளத்தைப் போட்டாள். இளவரசு ஆடாத குறைதான். சாம்பார் ஊற்றக் குனிந்தவன் அடக்க முடியாமல் கேட்டுவிட்டான், எல்லோரும் ஓடுகிற இடத்தில் அவர் மட்டும் எப்படி உட்கார்ந்தார் என்று.

ராஜாமணி சோறு பிசைவதை நிறுத்தினார். “வீட்டுக்குள்ளயே அது குடியிருக்கிற எடமாப் பாருங்கன்னு ஜோசியர் சொல்லி, ஆறு வருஷமா ஜில்லா பூரா தேடிட்டோம். நீங்களாவது கேட்டதும் உண்மையச் சொல்லிட்டீங்க. நாங்க வாயே தொறக்கல.” பக்கத்து இலையில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“எம்பொண்ணுக்கு நாகதோஷம், மாப்ள.”